அஸர் நேரத்துத் தண்ணீர்

ரிஸ்வான், இந்தக் கடிதம் உனக்குத் தனியாக வராது. உன் கல்லூரி மேடைப் பேச்சு வீடியோ சுற்றி வந்த அதே இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில், பள்ளிவாசல் ஜமாஅத் குழுவிலும் நம் தெருக் குழுவிலும், இதைப் போடப்போகிறேன். நீ எழுந்து போனைப் பார்ப்பதற்குள் பாதித் தெரு படித்து முடித்திருக்கும். பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி படித்திருப்பார். உன் சிநேகிதர்கள் படித்துவிட்டு உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக ஓசூருக்கு வண்டி ஏறப்போகிற பிள்ளைக்குப் பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று கேட்பார்கள். செய்வாள். ஏன் என்பதை முடிக்கும்போது சொல்கிறேன். அதற்குள் நீயே கண்டுபிடித்துவிட்டால் உன்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். கெமிஸ்ட்ரி மூன்றாமாண்டு செய்முறைத் தேர்வில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேசைக்கும் எனக்கும் நடுவில் நீ இருந்தாய். பட்டம் கைக்கு வந்தபோது உனக்கு நாலு மாதம். அதை வைத்துக்கொண்டு எந்த வேலைக்கும் போகவில்லை. ஆனால் வீட்டில் யாராவது என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பட்டத்தை எடுத்து முன்னால் போடுவேன். "நீங்க இன்னா படிச்சீங்க?" என்று உன் அத்தாவை நான் கேட்காத வாரம் கிடையாது. அவர் பத்தாவது பெயில். கண்டெய்னர் யார்டில் கிளார்க்காக இருப்பவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நீ தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை மட்டும் படிப்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உனக்கு ஆறு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. திருவொற்றியூரில் அந்த வருஷம் எந்தக் குழாயில் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பதினோரு நாள் உன் கண்ணின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பைத்தியம் பிடித்தது. நீ எழுந்து நடந்த பிறகும் என் பயம் எழுந்து போகவில்லை. பேனா மாதிரி இருக்குமே, அந்த டிடிஎஸ் மீட்டரை அப்போதுதான் வாங்கினேன். கேன் தண்ணீர், லாரித் தண்ணீர், கல்யாண வீட்டு டம்ளர், ஜூஸ் கடை என்று எதிலும் விட்டுப் பார்ப்பேன். அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஓர் எண்ணைப் பார்த்தால்தான் அந்தத் தண்ணீரை உன் கையில் கொடுப்பேன். எண் எதைச் சொல்கிறது என்பதைவிட, ஓர் எண் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள். இனிமேல் வரப்போகிற எல்லாப் பாவமும் இந்த ஒரு பழக்கத்தில் தொடங்கியதுதான்.

அப்போது உன் சாச்சா நம் வீட்டிலேயே இருந்தான். அத்தாவின் தம்பி காதர், என்னைவிட இரண்டு வயது சின்னவன், வள்ளூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலை லாரியில் ஏற்றுகிற வேலை. நான் ஒரு லாரித் தண்ணீரை வேண்டாம் என்று சொன்னால், மூன்று தெரு தள்ளி நிற்கிற இன்னொரு லாரியிலிருந்து இரண்டு குடத்தைத் தோளிலும் இடுப்பிலுமாக மூன்றாவது மாடிக்கு ஏற்றுவான். "அண்ணி, இதுல வுட்டு பாருங்க. பாஸா பெயிலா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பான். நான் மீட்டரைப் பார்த்து பெயில் என்றால் மறுபடி இறங்குவான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. நான் ஒருநாள்கூட அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் இல்லை.

பள்ளிவாசல் சுவரோரக் கீரைத் தோட்டம் யாருடைய யோசனை என்று வீடியோவில் உன்னைக் கேட்கிறார்கள், "எங்கம்மா" என்று சொல்கிறாய். இல்லை. பள்ளிவாசலில் தொழ வருகிறவர்கள் ஒளு செய்கிற தண்ணீர் (நம் தெருவில் பிலோமினா போன்றவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்: தொழுகைக்கு முன் கை கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கு, முகம், முழங்கை, கால் என்று கழுவுவதுதான் ஒளு) ஒரு நாளைக்கு ஐந்து வேளையும் சாக்கடைக்குப் போவதைப் பார்த்து, "சோப்பு இல்ல, எண்ண இல்ல, இவ்ளோ தண்ணி வீணா போவுதே அண்ணி" என்று முதலில் சொன்னவன் காதர்தான். மண் இல்லாமல் குழாயில் கீரை வளர்க்கலாம் என்று எங்கோ பார்த்ததை நான் சொன்னேன். பள்ளிவாசல் சுவரை ஒட்டியிருந்த காலியிடத்தில் குழி வெட்டியது, மணலும் கரியும் போட்டுத் தண்ணீரை வடிகட்டத் தொட்டி கட்டியது, நாலு அங்குலக் குழாயில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு ஒன்றுடன் ஒன்று சேர்த்தது எல்லாம் அவன். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு விடுப்பு, மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் இருட்டுகிறவரை அங்கேதான் கிடப்பான். தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டதும் அவனே. ஒரு முறை ஒளுவுக்குப் பயன்பட்ட தண்ணீரை மறுபடி ஒளுவுக்கு எடுக்கக்கூடாது, ஆனால் அது அசுத்தமில்லை, செடிக்குத் தாராளமாக விடலாம் என்று அவர் சொன்னதை ஓடி வந்து சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தெருவில் பதினெட்டு வீடு சேர்ந்தது. பாலக்கும் புதினாவும் கொத்தமல்லியும் மண் படாத வெள்ளை வேரோடு வந்தன. பிலோமினா சுறாப் புட்டுக்குக் கொத்தமல்லியை இங்கிருந்துதான் பறித்துப் போனாள்.

ஒன்றை நீ யோசித்ததே இல்லை என்று நினைக்கிறேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. நம் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஒளு செய்கிற திண்டு எப்படி இருக்கும், எத்தனை குழாய், யார் எங்கே உட்காருவார் எதுவும் எனக்குத் தெரியாது. சுவரில் ஓர் ஓட்டை வழியாகத் தண்ணீர் மட்டும் என் பக்கம் வரும். அந்தப் பக்கத்து ஆண்களை அவர்கள் கழுவி ஊற்றிய தண்ணீரை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அதை வைத்தே அவர்களை எடை போட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. முதலில் பாலக், பிறகு கொத்தமல்லி. நெருப்புக் காட்டியதுபோல் ஓரம் மட்டும் பழுப்பாகி உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்தைப் பார்க்கப் பெரிய ஆட்கள் சிலர் வரப்போவதாக முத்தவல்லி சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஐந்து வேளைத் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து மீட்டரை விட்டேன். விடியலுக்கு முந்திய ஃபஜ்ர், மதியம் லுஹர், பொழுது சாய்ந்ததும் மஃரிப், இரவு இஷா எல்லாம் ஏறக்குறைய ஒரே எண். பிற்பகல் அஸருக்கு மட்டும் மூன்று மடங்கு. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அப்படியே. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அஸருக்கு மட்டும் புதுசா யாருடா வராங்க?" உனக்குப் பதினைந்து வயது. கொஞ்சங்கூட யோசிக்காமல் சொன்னாய். "சாச்சாதாம்மா. ஷிப்ட்டு முடிஞ்சு நேரா அங்கதான் வருவாரு. அவரு கால் கழுவுனா தண்ணி சிமெண்ட்டு கலந்தா மாதிரி போவும்." எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சிலிர்ப்பு அது, வேறொன்றும் இல்லை.

ஒரு மனிதனின் காலிலும் கையிலும் ஒட்டியிருக்கிற சாம்பல், ஒரு தொட்டித் தண்ணீரை மூன்று மடங்கு உப்பாக்குமா? அப்படி ஆக்க அவன் சாம்பலை மூட்டையாகக் கொண்டுவந்து கரைத்திருக்க வேண்டும். முதலாமாண்டு மாணவி ஒரு காகிதத்தில் ஐந்து வரியில் போட்டுச் சொல்லிவிடுவாள். நான் போட்டுப் பார்க்கவில்லை. பதில் கையில் இருக்கும்போது யார் கணக்குப் போடுவார்கள்? அதைவிடக் கேவலம் இன்னொன்று. அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஊர் ஆண்கள் கால் கழுவிய தண்ணீர். அதில் வளர்ந்த புதினாவை அரைத்து உனக்குத் துவையல் கொடுத்தவள் நான், அதை நாக்கில் ஒரு சொட்டு வைக்கக் கூசினேன்.

முத்தவல்லிக்கு ஒரு காகிதம் எழுதினேன். கட்டம் போட்டு, வேளைவாரியாக எண்களை எழுதி, கீழே "சாம்பல் வேலை செய்பவர்கள் அஸர் நேரத்தில் ஒளு செய்வதால்" என்று ஒரு வரி. கையெழுத்துக்குப் பக்கத்தில் பட்டத்தையும் போட்டேன். பெயர் எழுதவில்லை, அதனால் நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஜும்ஆவில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இந்தப் பக்கம் தெருவில் நின்று நாங்கள் எல்லாரும் கேட்டோம். "சாம்பல் வேலைக்குப் போற சகோதரர்கள் இனிமே பின்பக்கக் குழாயில ஒளு செஞ்சிட்டு வாங்க. தோட்டத்துத் தண்ணி கெட்டுப்போவுதுன்னு படிச்சவங்க சோதனை பண்ணி எழுதிக் குடுத்திருக்காங்க." சகோதரர்கள் என்றார்கள். அந்தப் பள்ளிவாசலுக்கு உட்பட்ட மஹல்லாவில் சாம்பல் வேலைக்குப் போகிறவன் ஒருவன்தான்.

அன்று மாலை அஸருக்கு நான் தொட்டியருகே நின்றிருந்தேன். விடுப்பு நாளானாலும் காதர் வந்தான், அன்று காலில் சாம்பலே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. "சாச்சா, இங்க குந்தாத. பின்னாடி போ. உன் தண்ணி பட்டா செடி சாவுது." யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "சாம்பல் பாய், வழி வுடுபா, கொத்தமல்லிக்கு மூச்சு முட்டுது" என்றார். மறுபடி சிரிப்பு, இந்த முறை நிறையப் பேர். அவன் ஏதோ சொன்னான், குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நீ பதிலுக்கு ஏதோ சொன்னாய், அதுவும் கேட்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம் பின்பக்கம் போனது. அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பெருமையாக இருந்தது. என் பிள்ளை சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்காமல் சரியானதைச் சொல்கிறான் என்று பெருமை.

பின்பக்கக் குழாய் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கக்கூஸை ஒட்டி, முழங்கால் உயரத்தில், பாசி பிடித்த தரைமேல். உட்காரத் திண்டு இல்லை. அங்கே குந்தி ஒளு செய்து முடித்து வருவதற்குள் தொழுகை தொடங்கிவிடும். கடைசி வரிசையில்தான் நிற்க முடியும். அவன் பக்கத்தில் நிற்பவர் அவன் பாதத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் நேரே நிற்பாராம். உன் அத்தா எனக்கு இதையெல்லாம் பிறகுதான் சொன்னார். அந்த வாரம் நான் வீட்டில் காதரிடம், "தப்பா நெனச்சுக்காத காதரு, இது சயின்ஸு" என்றேன். அவன் சிரித்தான். "இன்னா அண்ணி, நான் போட்ட குழாயில நானே மண்ண அள்ளிப் போடுவனா? பின்னாடியே கழுவிக்கினா போவுது." இரண்டாவது மாதம் வள்ளூரில் லாரிக்காரர்களோடு அறை எடுத்துக்கொள்கிறேன் என்றான். வேலைக்குப் பக்கம் என்றான். நாம் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது ஒரு கட்டுப் புதினாவைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். எனக்குக் கை கூசவில்லை.

அவன் பின்பக்கக் குழாய்க்குப் போன பிறகு தண்ணீர் சரியானது. ஐப்பசி மழை, கார்த்திகை மழை. அஸர் எண் மற்ற வேளைகளோடு ஒன்றாயிற்று, புது இலைகள் ஓரம் கருகாமல் வந்தன. பெரிய ஆட்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். நீ மீட்டரைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னாய். முத்தவல்லி எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கமாகவே ஒரு சால்வை கொடுத்து அனுப்பினார். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

பங்குனி பிறந்ததும் மறுபடி இலை கருகியது. மறுபடி அஸர், மறுபடி மூன்று மடங்கு. சாம்பல் பாய் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் தொட்டியருகே மீட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிலோமினா மீன் விற்று முடித்துவிட்டுக் கொத்தமல்லிக்கு வந்தவள், "இன்னாக்கா, பேயடிச்சா மாதிரி நிக்கிற" என்று கேட்டுக்கொண்டே தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். த்தூ என்று துப்பினாள். "ஐய, கடல் தண்ணிக்கா இது. எங்க வூட்டு போர்லயும் வெயில் வந்தா இதேதான் வரும். இத்த போயி செடிக்கு வுட்டுகினு கீறியா?"

அன்று சோறு போடும்போது உன் அத்தாவிடம் கேட்டேன், அஸருக்குப் பள்ளிவாசலில் என்ன தண்ணீர் வரும் என்று. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போர்த் தண்ணி. லாரித் தண்ணி லுஹரோட காலியாயிடும், அஸருக்கு மோட்டார் போடுவாங்க. மஃரிபுக்குள்ள அடுத்த லாரி வந்துடும். மழ பேஞ்சா தொட்டி ரொம்பிடும், போர் தேவப்படாது." வாயில் விட்டால் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம? உப்பு கரிக்கும். வாய் கொப்பளிக்கிற எல்லாருக்கும் தெரியும்." அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "நீ கேக்கலயே. படிச்சவ எழுதிக் குடுத்துட்டா, நாங்க இன்னா சொல்றது?"

புரிகிறதா உனக்கு? அந்தப் பள்ளிவாசலில் அஸர் தொழுத ஒவ்வோர் ஆணும் தினமும் மூன்று முறை அந்த உப்பை வாயில் வைத்துத் துப்பியிருக்கிறான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு என் காகிதம் வசதியாக இருந்தது. அழுக்குக் காலோடு ஒருவன் பக்கத்தில் வந்து நிற்பது அவர்களுக்கு முன்பே பிடிக்கவில்லை, நான் காரணம் எழுதிக் கொடுத்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாயில் ஒரு வால்வு வைத்தேன். அஸர் பாங்கு கேட்டதும் போய் மூடிவிடுவேன், அந்த வேளைத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். மஃரிபுக்குத் திறந்துவிடுவேன். செடிகள் பிழைத்தன. எதற்கு வால்வு என்று நீ கேட்டதற்கு, "ஓவர்ஃப்ளோ ஆவுதுடா" என்றேன். உன் அத்தாவிடம் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன், பிலோமினாவிடம் எதையோ சொல்லி மழுப்பினேன். முத்தவல்லியிடம் போய் என் கட்டம் போட்ட காகிதம் தப்பு என்று இன்னொரு காகிதம் எழுதிக் கொடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நாலு வருஷம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் வீட்டுக்கு வந்து, "கீர நல்லா வருதா அண்ணி?" என்று கேட்பான். "வருது" என்று சொல்லிவிட்டுப் பிரியாணி வைப்பேன். பின்பக்கக் குழாய்க்கு மேல் 'சாம்பல் வேலை செய்பவர்களுக்கு' என்று அப்போது எழுதிப் போட்ட பலகை இன்றைக்கும் இருக்கிறது. எனக்குச் சால்வையை விட மனமில்லை. அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை, நீயாக எனக்காக ஒன்றைத் தேடாதே.

பிறகு உன் வீடியோ வந்தது. டிப்ளமோ முடித்து, ஓசூரில் இதே குழாய் விவசாயக் கம்பெனியில் வேலை கிடைத்து, கல்லூரி மேடையில் நீ பேசியது. நன்றாகப் பேசுகிறாய். "தண்ணிய கெடுத்தது ஒரே ஒரு ஆளு. எங்கம்மா டேட்டாவ வெச்சு அந்த ஆள கண்டுபிடிச்சாங்க. அவர நிறுத்துனோம், செடி பொழச்சுது" என்கிறாய். கைதட்டுகிறார்கள். பெயர் சொல்லவில்லை நீயும். என் பிள்ளைதான். தெருக் குழுவில் அதற்குக் கீழே யாரோ சாம்பல் பாய் என்று எழுதி, சிரிக்கிற முகம் நாலைந்து போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் அவன் எண்ணும் இருக்கிறது. அவன் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான். மறுநாள் பஸ் பிடித்து வள்ளூர் போனேன்.

சாலையோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். புருவமெல்லாம் வெள்ளை. ஒரு நிமிஷம் கிழவன் என்று நினைத்துவிட்டேன், பிறகுதான் சாம்பல் என்று தெரிந்தது. "வாங்க அண்ணி. இன்னா இவ்ளோ தூரம்? அண்ணனுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று பதறினான். பெஞ்சைத் துண்டால் தட்டி உட்காரச் சொன்னான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போர்த் தண்ணீர், வால்வு, நாலு வருஷம். அழ வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன், அழுகை வரவில்லை. அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"தெரியும் அண்ணி" என்றான். "அன்னிக்கே தெரியும். அந்த போர் மோட்டாருக்கு லைன் இழுத்ததே நான்தான்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. உங்க புள்ளகிட்ட சொன்னேன். பின்னாடி போன்னு சொன்னான்ல, அப்ப. 'டேய், வாய் கொப்பளிச்சுப் பாருடா, உப்பு கரிக்குது, போர்த் தண்ணிடா இது'ன்னேன். தெனம் கொப்பளிக்கிறவன்தான அவனும்." டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "'எங்கம்மா கெமிஸ்ட்ரி. நீ இன்னா படிச்சே'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, படிக்கலதான்னு நானும் சிரிச்சிட்டு போயிட்டேன்."

குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போன இரண்டு வாக்கியங்கள் இவை, ரிஸ்வான். இரண்டாவது வாக்கியம் என்னுடையது. அதை உன் வாயில் வைத்தது நான். ஆனால் துப்பியது நீ. உனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்த உப்பை விழுங்கிவிட்டு என் காகிதத்தின் பக்கம் நின்றாய். பதினைந்து வயதில் என்ன தெரியும் என்று நீ சொல்லலாம். பத்தொன்பதில் மேடை ஏறி மறுபடியும் சொன்னாயே. அதற்கு எந்த வயதைக் காட்டுவாய்?

இங்கே எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறாய் என்று அவனிடம் கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன். "இல்ல அண்ணி, வுட்டுட்டேன்" என்றான். ஜும்ஆவுமா என்றேன். "ஜும்ஆவுந்தான். ரெண்டு மூணு எடம் போய்ப் பாத்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுஷங்கதான். ஆனா ஒளு செய்யக் குந்தி கைய நீட்டுனா, பின்னாடி யாரோ எந்திரி எந்திரின்னு சொல்றா மாதிரியே கீது. தண்ணி எங்க போவுதுன்னே பாத்துகினு இருக்கேன். மனசு தொழுகையில நிக்க மாட்டேங்குது. அப்புறம் இன்னாத்துக்கு?" இதைச் சொல்லும்போதும் அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பஸ்ஸில் கொஞ்சம் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

ஐந்து வேளையும் விடாதவன். ஹஜ்ரத்திடம் ஓடிப்போய்ச் செடிக்கு விடலாமா என்று கேட்டவன். அவனைத் தொழுகையிலிருந்து கழுவி வெளியே விட்டது நம் வீடு. கீரை வளர்த்தோம் என்று எவ்வளவு பேர் கைதட்டினாலும் நம் தோட்டத்தின் விளைச்சல் இதுதான். நீ ஓசூரில் பெரிய தோட்டம் பார்க்கப்போகிறாய். அங்கே உனக்கு இதைவிட நல்ல மீட்டர் கொடுப்பார்கள், கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரும். நீ ஒரு தாளை நீட்டி, இந்த ஆளால்தான் என்று சொன்னால், உனக்குக் கீழே இருக்கிற யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நம்புவதால் அல்ல, படித்தவன் சொல்லிவிட்டான் என்பதால். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குக் காமாலை வந்தபோது இருந்த பயம் மாதிரி இல்லை இது. அப்போது உனக்கு என்ன ஆகிவிடுமோ என்று பயந்தேன். இப்போது உன்னால் யாருக்கு என்ன ஆகுமோ என்று.

முத்தவல்லியிடம் புதுக் காகிதம் கொடுத்துவிட்டேன். பலகையைக் கழற்ற வேண்டும், ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "பழச ஏம்மா கெளறிக்கினு? புள்ள வேலைக்குப் போற நேரம், நல்லதா பேசுவோம்" என்று சொல்லியனுப்பினார். அதனால்தான் குழுவில் போடுகிறேன். அவனை ஊர் கேட்க அவமானப்படுத்தினோம். மன்னிப்பை மட்டும் காதோடு சொன்னால் அது மன்னிப்பா? உன் புதுக் கம்பெனிக்காரர்கள் வரை இது போனாலும் போகட்டும். வேலை போய்விடுமோ என்று பயப்படாதே, இதற்கெல்லாம் யாருக்கும் வேலை போவதில்லை. தொழுகைதான் போகும்.

என்னிடம் வந்து அழாதே, போன் போட்டுக் கோபப்படாதே. சனிக்கிழமை ஒரு நாள் உனக்கு மிச்சம் இருக்கிறது. மூன்று மணிக்கு அவனுக்கு ஷிப்ட் முடியும், வள்ளூர் போ. ஊருக்குத் திரும்பி வா என்று கூப்பிடாதே, கூப்பிட நமக்கு வாய் இல்லை. மேடையில் சொன்னது பொய் என்று, அந்த டீக்கடையில் லாரிக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது சத்தமாகச் சொல். அவன் உன்னைத் தோளில் தட்டுவான். உனக்கு டீயும் பட்டர் பிஸ்கெட்டும் வாங்கித் தருவான், வேலைக்குப் போகிற பிள்ளை என்று பையில் எதையாவது திணிப்பான். வாங்கிக்கொள். அவன் மன்னித்துவிட்டான் என்று மட்டும் நினைத்துக்கொண்டு பஸ் ஏறாதே.